ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம்: தாது வருஷப் பஞ்சம் பற்றி

#1 வரகரிசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாமக்கல் பக்கம், அந்தக் காலத்துச் சேலம் ஜில்லா. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். வீட்டில் நெல் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த காலத்திலும் அந்தப் பிடியரிசி தவறியதில்லை. ஏன் என்று கேட்டால், "தாது வருசத்துக்குத் தப்பின வவுறுடா இது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அமுச்சியின் பாட்டி அந்தப் பஞ்சத்தில் கைக்குழந்தையாம்.

போன மாதம்தான் 1876-78-ல் வந்த அந்தப் பஞ்சத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு விஷயத்தைத் தாண்டி என்னால் போகவே முடியவில்லை. நிவாரண வேலைக்குப் போன ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கவும் கல் உடைக்கவும் இதுதான். ஒரு ஆள் செத்துப்போகாமல் இருக்க எவ்வளவு போதும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

யார் போட்டது? எதை வைத்துப் போட்டது? இது தப்பு என்று அன்றைக்கு யாராவது சொன்னார்களா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். உங்கள் வீடுகளில் இந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

#2 பழஞ்சுவடி

நல்ல கேள்வி தம்பி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவன் நான். பாடப் புத்தகத்தில் இந்தப் பஞ்சத்துக்கு இருந்தது இரண்டே வரி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1876-ல் மழை பொய்த்தது. சேலம், கோயம்புத்தூர், வடஆற்காடு, பெல்லாரி, கர்நூல், கடப்பை, அந்தப் பக்கம் மைசூர், பம்பாய் மாகாணத்தின் தக்காணம் எல்லாம் காய்ந்தன. மறு வருஷமும் கைவிட்டது. தமிழ் வருஷக் கணக்கில் 1876-77 தாது வருஷம் என்பதால் நம் பக்கம் அந்தப் பேர் நின்றுவிட்டது.

அப்போது வைஸ்ராய் லிட்டன் பிரபு. 1877 ஜனவரி 1-ம் தேதி விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டெல்லியில் பெரிய தர்பார் நடத்தினார். ராஜாக்களும் விருந்தாளிகளுமாகப் பல்லாயிரம் பேர், நாள்கணக்கில் விருந்து. அதே ஜனவரியில்தான் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்சத் தூதராக மதராஸுக்கு அனுப்பினார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இட்ட வேலை.

இந்த டெம்பிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருஷம் முன்னால், 1874-ல், பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவரும் இவர்தான். பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அரிசி வரவழைத்தார்கள். நிவாரணம் தாராளமாகக் கிடைத்தது. பட்டினிச் சாவு என்று சொல்லும்படி மிகக் கொஞ்சமே. அதற்குப் பாராட்டு வரவில்லை. பணத்தைக் கொட்டி வீணாக்கினார் என்று லண்டனிலும் அன்றைய தலைநகர் கல்கத்தாவிலும் வசவுதான் வந்தது. அடி வாங்கிய மனிதர் மதராஸுக்கு வரும்போது வேறு ஆளாக வந்தார். அப்படி வந்து போட்ட கணக்குதான் நீங்கள் சொல்லும் ஒரு பவுண்டு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பேர்.

இது தப்பு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மதராஸ் மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவை வைத்துக்கொண்டு உழைக்கிற ஆள் பிழைக்க முடியாது என்று அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். கொஞ்ச மாதத்தில் மதராஸ் அரசு அளவை ஒன்றேகால் பவுண்டாக்கி, சிறிது பருப்பும் சேர்த்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

பம்பாய் மாகாணத்தில் கூலியைக் குறைத்தபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் நிவாரண வேலையை விட்டு வெளியேறிவிட்டார்கள். பட்டினி கிடக்கிறவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது. பூனா சார்வஜனிக் சபை என்ற பொதுமக்கள் அமைப்பு அவர்கள் பக்கம் நின்றது. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது.

மொத்தச் சாவு 55 லட்சம் என்பது குறைந்த மதிப்பீடு. ஒரு கோடி வரை சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. 1871-ல் 50 லட்சத்துக்கு மேல் இருந்த மைசூர் சமஸ்தானத்து மக்கள் தொகை 1881-ல் 42 லட்சம். உங்கள் சேலம் ஜில்லாவிலும் அந்தப் பத்து வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. சாவு, ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமல் போன குழந்தைகள் எல்லாம் அதில் அடக்கம்.

#3 தென்காற்று

பழஞ்சுவடி ஐயா எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒரு பக்கமாகவே இழை போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1876-78-ல் வந்தது இந்தியாவுக்கு மட்டுமான வறட்சி இல்லை. பசிபிக் கடல் வெப்பமடைந்து வரும் எல் நினோ, அதுவும் மிகக் கடுமையான ஒன்று. அதே வருஷங்களில் வட சீனாவில் கோடிக்கு நெருக்கமான பேர் செத்தார்கள். பிரேசிலின் வடகிழக்கிலும் லட்சக்கணக்கில் சாவு. அங்கெல்லாம் டெம்பிளும் இல்லை, லிட்டனும் இல்லை.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலும் இங்கே பஞ்சம் இருந்தது. ஷாஜகான் காலத்தில், 1630-32-ல், தக்காணமும் குஜராத்தும் பஞ்சத்தில் காலியாகிப் போயின. மழையை நம்பிய விவசாயம், மாட்டு வண்டிப் போக்குவரத்து. எந்த அரசு இருந்தாலும் அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம்.

அப்புறம் இன்னொன்று. 450 கிராம் அரிசி என்பது இன்றைக்கு என் வீட்டில் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் அளவு. அது அவ்வளவு மோசமான அளவா? டாக்டர் யாராவது சொல்லலாம்.

#4 கூட்ஸ் ஷெட்

தென்காற்று, 'மாட்டு வண்டிப் போக்குவரத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்துக்கு அது பொருந்தாது. மதராஸிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாகப் பேப்பூர் வரை 1862-லேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. தாது வருஷம் வரும்போது சேலம் ஸ்டேஷனுக்குப் பதினாலு வயதுக்கு மேல்.

நான் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது இதுதான்: சரக்கு வண்டி பசி இருக்கிற ஊரைத் தேடிப் போகாது. விலை இருக்கிற ஊருக்குப் போகும். பஞ்ச காலத்தில் ரயில் தானியத்தை உள்ளே கொண்டுவந்தது உண்மை. மதராஸ் கடற்கரையில் மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன, ஏற்றிச் செல்ல வேகன் போதவில்லை. ஆனால் அதே ரயில்தான் உள்ளூர்க் களத்துமேட்டில் இருந்ததை வியாபாரிகளின் பெரிய கிடங்குகளுக்கு இழுத்துக்கொண்டும் போனது. ஒரு ஊரில் விலை ஏறினால் தந்தி வழியாக அடுத்த நாளே எல்லா ஊரிலும் ஏறியது. முன்பு மழை பெய்த ஊரில் விலை குறைவாக இருக்கும், நடந்து போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ரயிலும் தந்தியும் வந்த பிறகு விலை எல்லா இடத்திலும் ஒன்றாக நின்றது.

அந்த வருஷங்களிலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமைக் கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. 1877-78-ல் போனது மூன்று லட்சம் டன்னுக்கு மேல். தடுக்கச் சட்டத்தில் இடம் இருந்திருக்கும். வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அரசின் கொள்கை. மதராஸ் அரசு ஆரம்பத்தில் ரகசியமாகக் கொஞ்சம் தானியம் வாங்கி வைத்ததற்கே கல்கத்தாவிலிருந்து கண்டனம் வந்தது.

#5 பழஞ்சுவடி

கூட்ஸ் ஷெட் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்காற்று, பீகார் 1874 இருக்கிறது இல்லையா, அதுதான் உங்கள் சந்தேகத்துக்குப் பதில். அதே அரசு, அதே அதிகாரி, அதே மழையில்லாத வானம். வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது அரிசி கிடைத்தது.

1845-க்குப் பிறகு அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பத்து லட்சம் பேர் செத்தபோதும் சந்தைக் கொள்கை இதேதான். அங்கே நிவாரணக் கணக்கை இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யன் 1859-ல் நம் மதராஸுக்கே கவர்னராக வந்தார். அது பஞ்சத்துக்கு முந்தைய காலம், அவரை இதில் சேர்க்க முடியாது. ஆனாலும் அந்தக் கொள்கை எந்த ஆபீஸ்களில் வளர்ந்தது என்பது தெரியட்டும்.

#6 மருத்துவர் தஞ்சை

450 கிராம் பற்றித் தென்காற்று கேட்டது நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

450 கிராம் தானியத்தில் ஏறக்குறைய 1,600 கலோரி. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு சின்ன உடம்பு அதை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். கல் உடைக்கிறவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். அதோடு, நிவாரண வேலைக்கு வந்தவர்கள் முதல் நாளே எலும்பும் தோலுமாக வந்தவர்கள். விதைநெல்லையும் குத்தித் தின்று, பாத்திரம் விற்று, மாடு விற்று, கடைசியில் வந்தவர்கள். அந்த ஒரு அணாவில்தான் உப்பு, புளி, விறகு எல்லாம். வேலைக்கு வர முடியாத கிழவர் வீட்டில் இருந்தால் அவருக்கும் இதிலேயே பங்கு.

1944-45-ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பட்டினி கிடந்தார்கள். ஆறு மாதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. டெம்பிள் கூலியின் தானியமும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதைக் கவனியுங்கள். அவர்கள் நல்ல கட்டிடத்தில், மருத்துவர் பக்கத்தில் இருக்க, வாரத்துக்கு 22 மைல் நடந்தார்கள். உடல் எடையில் கால்வாசி போனது. கால் வீங்கியது. கோடையிலும் குளிர் என்றார்கள். சிரிப்பு, ஆசை, படிப்பு எல்லாம் போய் நாள் முழுக்கச் சோற்று நினைப்பு. சமையல் குறிப்புப் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்தவர்களும் உண்டு. சோதனை என்று தெரியும், ஒரு நாள் முடியும் என்று தெரியும், அப்படியிருந்தும் மனசு அந்த நிலைக்குப் போனது.

பட்டினியில் நேராகச் சாகிறவர்கள் குறைவு. உடம்பு முதலில் கொழுப்பை எரிக்கும், அப்புறம் தசையை. குடலின் உள்சுவர் மெலிந்துவிடும். எதிர்ப்புச் சக்தி போன பிறகு வயிற்றுப்போக்கு, காலரா, மலேரியா என்று ஏதாவது ஒன்று வந்து முடிக்கும். 1877 கடைசியில் மழை பெய்த பிறகு மலேரியாவில் மாண்டவர்கள் ஏராளம். ஊரில் பச்சை தெரிகிறது, ஆள் சாகிறான். குறிப்பேட்டில் 'காய்ச்சல்' என்று எழுதிவிடுவார்கள். பஞ்சச் சாவுக் கணக்கு இன்றுவரை தகராறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறையப் போட்டால் அதுவே உயிரை வாங்கிவிடும். ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடும். 1945 ஏப்ரல் 15-ம் தேதி ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டது. அதன் பிறகும் அங்கே 13,000 பேருக்கு மேல் செத்தார்கள். டைபஸ் காய்ச்சல், கரையேற முடியாத அளவு மெலிவு, அதோடு முதல் நாட்களில் கிடைத்த டின் இறைச்சி. பிறகு, 1943 வங்காளப் பஞ்சத்தில் கொடுத்த பால்பவுடர், சர்க்கரை, மாவுக் கலவையை அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பிய நோயாளிகளுக்கு அந்தத் தித்திப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

நம் ஊரில் காய்ச்சல்காரருக்கும் பட்டினி கிடந்தவருக்கும் முதலில் நீராகக் கஞ்சி விட்டு, மெல்ல மெல்லப் பருக்கை சேர்ப்பார்கள் இல்லையா? அந்தப் பக்குவத்தை நான் மதிக்கிறேன்.

#7 ராயபுரம் வாசி

கஞ்சி என்றதும் ஞாபகம் வந்தது. வடசென்னையில் பெரியவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782-ல் ஹைதர் அலி போரை ஒட்டி வந்த பஞ்சத்தில் அங்கே ஒரு சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பேர். அதுதான் படிப்படியாக ஆஸ்பத்திரியானது. தாது வருஷத்திலும் பஞ்சத்தில் வந்தவர்களை அங்கே வைத்திருந்தார்கள்.

பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியும் அந்தப் பஞ்சத்து நிவாரண வேலையில் வெட்டியதுதான். அப்போதைய மதராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பேரில் நிற்கிறது. வெட்டியவர்கள் பேர் எங்கும் இல்லை. பறக்கும் ரயிலில் போகும்போது அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் இனிமேல் எனக்கு வேறு மாதிரி தெரியும்.

#8 மலைநாட்டுப் பிள்ளை

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். வரகரிசி அண்ணா, உங்கள் இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எங்கள் ஆட்கள் இலங்கைக்கு வந்தது அந்தப் பஞ்ச காலத்தில்தான் என்று தாத்தா சொல்லுவார். ஊர்ப் பேர் கேட்டால் 'சேலத்துப் பக்கம்' என்பதோடு சரி. 1877-ல் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து லட்சம் பேருக்கு மேல் கோப்பித் தோட்டங்களுக்கு வந்திருக்கிறார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவார். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடை. காலராவும் காய்ச்சலும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. வந்து சேர்ந்தவர் தலையில் வழிச்செலவுக் கடன். தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். பசிக்குப் பயந்து வந்தவர்கள் கடனுக்குப் பயந்து இருந்தார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. எங்களுக்குப் பஞ்சம் என்றால் 1876 இல்லை. 1973-74. அது அம்மாவே பார்த்தது. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை மா விலையெல்லாம் ஏறி, அரசாங்கம் ரேஷன் கூப்பனைக் குறைத்தது. கிராமத்துச் சனங்களுக்கு ஒரு துண்டுக் காணியாவது இருந்தது, மரவள்ளி நட்டுப் பிழைத்தார்கள். லயன் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டு அறையில், இருக்கிறவருக்கு ஏது காணி? தோட்டங்களில் இறப்பு வீதம் சட்டென்று கூடியது. 1948-ல் குடியுரிமையைப் பறித்ததால் எங்களில் பெரும்பாலானோருக்கு ஓட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் நிறைய.

பாண் (ரொட்டி) வரிசையில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் நின்றதை அம்மா சொல்லுவா. அவவின் கடைசித் தங்கச்சி அந்த வருடம் போய்ச் சேர்ந்தா. காகிதத்தில் வயிற்றோட்டம் என்றுதான் இருக்கிறது. டாக்டர் எழுதினதை வாசித்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "அப்ப அது பசிதான்" என்றா.

#9 வரகரிசி

மலைநாட்டுப் பிள்ளை, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சேலத்துப் பக்கம் என்றால் நாம் ஒரே ஊர்க்காரர்களாகக்கூட இருக்கலாம்.

#10 வடக்காவணி

மதுரையில் ஒரு கதை சொல்வார்கள். தாது வருஷத்தில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி, தன் நகை நட்டு வீடு எல்லாவற்றையும் விற்றுத் தெருவில் அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றினாராம். சர்க்காரின் கஞ்சித்தொட்டி திறக்கும் முன்பே அவர் அடுப்பு எரிந்தது என்பார்கள். கடைசியில் ஒன்றும் இல்லாமல் செத்தபோது கோயில் திருவிழாவைப் போலக் கூட்டம் கூடியது என்று என் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பவுண்டுக் கணக்குப் போட்டவர்கள் பேரோடு இந்தப் பேரும் இழையில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

#11 தென்காற்று

டாக்டர், பதிலுக்கு நன்றி. 450 கிராம் பற்றி நான் நினைத்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். சமைத்து வைத்த வீட்டில் உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். 'வெள்ளைக்காரன்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போனால் விஷயம் பிடிபடாது. கார்னிஷும் வெள்ளைக்காரர்தான். மதராஸில் பத்திரிகை நடத்திக்கொண்டு பஞ்சத்தை ஊர் ஊராக எழுதி, லண்டனில் நிதி திரளக் காரணமாக இருந்த வில்லியம் டிக்பியும் அப்படியே. விலை ஏறட்டும் என்று தானியத்தைப் பூட்டி வைத்தவர்கள் நம் ஊர் வியாபாரிகளும் மிராசுகளும். செத்தவர்களில் அதிகம் பேர் யார்? நிலம் இல்லாத பண்ணையாட்கள், சேரி மக்கள், நெசவாளர்கள். அவர்களின் பசி பஞ்சத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அதையும் பேச வேண்டும்.

#12 பழஞ்சுவடி

முழுதாக ஒத்துக்கொள்கிறேன். பஞ்சக்கும்மி என்று அந்தக் காலத்தில் சிறு சிறு பாட்டுப் புத்தகங்கள் வந்தன. அவற்றைப் படித்தால் சர்க்காரை விட உள்ளூர் வியாபாரி மீதுதான் ஆத்திரம் அதிகம். நெசவாளர் நிலை கொடுமை. தறி வைத்திருப்பவனுக்கு விளைச்சலில் பங்கு கிடையாது, பஞ்ச காலத்தில் துணி வாங்க ஆளும் கிடையாது.

#13 பாலிகஞ்ச் தமிழன்

கல்கத்தாவில் இருபது வருஷமாக இருக்கிறேன். 1943 வங்காளப் பஞ்சம் பற்றி இங்கே வயதானவர்கள் சொல்லக் கேட்ட ஒன்று இந்தக் கஞ்சிப் பேச்சோடு சேர்கிறது.

கிராமங்களிலிருந்து நகரத்துக்கு நடந்து வந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று சோறு கேட்கவில்லை. "ஃபேன் தாவ் மா" என்று கேட்டார்கள். ஃபேன் என்றால் சோறு வடித்த கஞ்சி. சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, கொட்டப்போகும் தண்ணீரைக் கேட்டார்கள். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். அப்போது அவருக்கு எட்டு வயது.

முப்பது லட்சம் பேர் வரை போனார்கள். பர்மா ஜப்பானிடம் விழுந்து அரிசி வரத்து நின்றது. ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாது என்று கரையோர மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான படகுகளை அரசே பறிமுதல் செய்தது, உடைத்தது. வங்காளத்தில் படகு இல்லையென்றால் மீனவனுக்கும் குயவனுக்கும் விவசாயிக்கும் பிழைப்பே இல்லை. 1942 அக்டோபரில் மிட்னாபூரில் புயல். அரிசி விலை பல மடங்கு. போர்த் தொழிற்சாலைக்காரர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் தனி ஏற்பாட்டில் அரிசி போனது, கிராமத்துக் கூலிக்காரருக்குப் போகவில்லை. சாந்திநிகேதனில் ஒன்பது வயதுப் பையனாக இதைப் பார்த்த அமர்த்தியா சென்தான் பின்னாளில், நாட்டில் உணவு இருந்தாலும் அதை வாங்கும் வழி ஒரு கூட்டத்துக்கு அடைபட்டால் பஞ்சம் வரும் என்று எழுதினார்.

1876 பஞ்சத்துக்குப் பிறகு கமிஷன் வைத்துப் பஞ்சச் சட்ட விதிகள் எழுதினார்களே, எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று? 1943-ல் அந்த விதிகளின்படி பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் நிவாரணம் கொடுத்தாக வேண்டும். ஆகஸ்டில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் தெருவில் கிடந்தவர்களின் படங்களைத் துணிந்து போட்ட பிறகுதான் டெல்லியும் லண்டனும் அசைந்தன.

#14 நெறியாளர்

படங்கள் என்றதும் ஒரு வேண்டுகோள். தாது வருஷப் பஞ்சத்தில் ராணுவ அதிகாரி ஹூப்பர் எடுத்த புகைப்படங்களைச் சிலர் இங்கே பதிவேற்றினார்கள். எடுத்துவிட்டேன். அந்த மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்த படங்கள் அவை. உதவாமல் படம் எடுத்தார் என்று அந்தக் காலத்திலேயே கண்டனம் எழுந்தது. பார்க்க விரும்புகிறவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இழையில் வேண்டாம் என்பது என் முடிவு.

#15 விதைக்குதிர்

டாக்டர் 'விதைநெல்லையும் குத்தித் தின்று' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார். நான் பாரம்பரிய நெல் விதை சேகரிக்கிறவன், அந்த வரி என்னை நிறுத்திவிட்டது.

எங்கள் பக்கம் வேறு எதை விற்றாலும் விதையில் கை வைக்க மாட்டார்கள். கோரைக்கிழங்கு, மூங்கிலரிசி, புளியங்கொட்டை, கற்றாழைக் குருத்து, எறும்புப் புற்றைத் தோண்டி எடுத்த புல்லரிசி என்று எல்லாம் தின்று தீர்ந்த பிறகுதான் விதைக்குதிரைத் திறப்பார்கள். திறந்துவிட்டால் அடுத்த வருஷம் மழை வந்தும் பயனில்லை. ஒரு பஞ்சம் இரண்டு பஞ்சமாகும்.

ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை முற்றுகையிட்டது, 872 நாள். அந்த நவம்பர், டிசம்பரில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் மரத்தூள் மாதிரிக் கலப்படம். அந்த ஊரில் வாவிலோவ் என்ற தாவர விஞ்ஞானி உலகம் முழுக்கச் சுற்றிச் சேர்த்த விதைகளின் நிலையம் இருந்தது. நெல், கோதுமை, பருப்பு, உருளைக்கிழங்கு என்று டன் கணக்கில். அதைக் காவல் காத்த ஊழியர்களில் பலர் அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே பட்டினியால் செத்தார்கள். ஒரு பிடி எடுக்கவில்லை. வாவிலோவ் அப்போது அங்கே இல்லை. ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்து சாரதோவ் சிறையில் அடைத்திருந்தது. 1943 ஜனவரியில் அவரும் பட்டினியில்தான் செத்தார்.

அவர்கள் செய்தது சரியா என்று என் மனைவி கேட்டாள். பக்கத்துத் தெருவில் குழந்தை சாகும்போது நெல்லைப் பூட்டி வைப்பதா என்று. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#16 மருத்துவர் தஞ்சை

விதைக்குதிர், அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அதே மாதிரி இன்னொரு கூட்டத்தைச் சொல்லத் தோன்றுகிறது. 1942-ல் போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்குள் இருந்த யூத மருத்துவர்கள், தாங்களும் பட்டினி கிடந்துகொண்டே, பட்டினி உடம்பை என்ன செய்கிறது என்று நோயாளிகளிடம் ஆராய்ந்து எழுதினார்கள். ரத்த ஓட்டம், கண், குழந்தைகளின் உடல் என்று ஒவ்வொன்றாக. எழுதியவர்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள். கைப்பிரதி வெளியே கடத்தப்பட்டு 1946-ல் அச்சானது. பட்டினியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அவர்கள் கொடுத்தது.

மலைநாட்டுப் பிள்ளை, உங்கள் அம்மாவிடம் அப்படிப் போய்ச் சேரும் என்று நினைத்து நான் எழுதவில்லை. வருத்தமாக இருக்கிறது.

#17 மலைநாட்டுப் பிள்ளை

இல்லை டாக்டர், அப்படி நினைக்க வேண்டாம். அம்மா நேற்றுத் தங்கச்சியின் பேரைச் சொல்லி விளக்கு வைத்தா. இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

#18 வரகரிசி

இழை ஆரம்பித்தபோது இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

நேற்று ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் பண்ணினேன். அமுச்சியின் பிடியரிசிப் பானை அவரிடம்தான் இருக்கிறது. இங்கே படித்ததையெல்லாம் சொல்லிவிட்டு, நம் வீட்டில் என்ன நடந்தது என்று நேராகவே கேட்டேன். முதலில், "அது எதுக்குப்பா இப்ப" என்றார். அப்புறம் சொன்னார்.

மேட்டுக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து காவேரிக் கரையைப் பார்த்து ஒரு பொம்பளை இரண்டு பிள்ளைகளோடு நடந்து வந்தாராம். புருஷன் வழியில் ரோட்டு வேலைக்கு நின்றுவிட்டார், பிறகு அவரைப் பற்றிச் சேதியே இல்லை. இடுப்பில் இருந்தது பெண் குழந்தை, அதுதான் அமுச்சியின் பாட்டி. கையைப் பிடித்து நடந்து வந்தவன் ஐந்து வயதுப் பையன். ஒரு சத்திரத்துக்குப் பக்கத்தில் வந்தபோது யாரோ இரக்கப்பட்டுச் சட்டி நிறையச் சோறு போட்டிருக்கிறார்கள். பையன் வயிறு முட்டச் சாப்பிட்டான். அன்றைக்கு ராத்திரியே போய்விட்டான். சோற்றில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. டாக்டர் எழுதியதை மெதுவாகப் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். "அப்ப போட்டவங்க நல்லவங்கதானா" என்று கேட்டார்.

அந்தப் பையனின் பேரை ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவனுக்கு வைத்து வருகிறார்கள். என் தம்பிக்கு வைத்ததும் அதுதான். குலதெய்வத்தின் பேர் என்றே இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், அப்போது சொல்ல வேண்டும்.